கை பட்டால் அடங்கும் இரைச்சல்

இதைக் கேட்டுவிட்டு, கிழவனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லட்டும். சுருளிராஜன் குடிக்கிறவர் இல்லை. மந்திரித்த கயிறு ஒன்றுகூட அவர் கையில் ஏறியதில்லை. பால்காரர் ஊற்றுகிற பாலைச் சந்தேகப்படுவார். மருந்துக்கடை மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். யாராவது பேய் கீய் என்று ஆரம்பித்தால் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போய்விடுவார். அப்படிப்பட்ட ஆள் வீட்டில்தான் இது நடந்தது. உத்தமபாளையத்தில், போன ஆடி மாதம், பட்டப்பகலில். கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

சுருளிராஜன் எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறவர். பள்ளிக்கூடம் அஞ்சாவதோடு சரி. மெல்லிசைக் குழுவில் சேர்ந்து, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது. தேவதானப்பட்டித் திருவிழா, மயிலாடும்பாறைப் பொங்கல் என்று அவர் ஏறாத மேடை கிடையாது. மேடையில் பாடுகிறவர் பெயரைச் சொல்வார்கள். டோலக் வாசிக்கிறவர் பெயரையும் சொல்வார்கள். கிட்டார்க்காரர் பெயரை மட்டும் எவனும் மைக்கில் சொன்னதில்லை. குழு கலைந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஆனால் அந்த முள் மட்டும் அவருக்கு உள்ளே கிடந்தது.

அப்போதுதான் சென்னையிலிருந்து சசிதரன் பேசினான். இந்த ஊர்க்காரன்தான். படங்களுக்குப் பாட்டுப் போடுகிற வேலையில் இருக்கிறான். ஒரு பாட்டு முழுக்க எலக்ட்ரிக் கிட்டார் உறுமிக்கொண்டே வர வேண்டும், கம்ப்யூட்டரில் இருக்கிற கிட்டார் சத்தத்தை வைத்துப் பார்த்தால் செத்துக் கிடக்கிறது, நீங்கள் வாசித்து வீட்டிலேயே பதிவு பண்ணி அனுப்புங்கள் என்றான். பெயரும் போடுவதாகச் சொன்னான். சுருளிராஜன் அதை உடனே நம்பவில்லை.

"வாயால சொல்லுவியா, எழுத்துல வருமா?"

"எழுத்துல வரும் மாஸ்டர். கிட்டார், சுருளிராஜன். அப்படியே வரும்."

அன்றைக்கு அவர் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

சென்னைக்கே போய் வாசித்துவிட்டு வரலாம்தான். போக முடியாது. மனைவி சுப்புத்தாய் படுக்கையில் கிடந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம். இடது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இடது கை நெஞ்சோடு மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் சுருண்டு இறுகிவிட்டன. பிரித்துவிடப் பார்த்தால் வலியில் முகம் கோணும். அதனால் அப்படியே விட்டுவிட்டார்கள். பிள்ளைகள் இல்லை. பக்கத்துத் தெரு சோணையம்மாள் காலையிலும் சாயங்காலமும் வந்து உடம்பு துடைத்துவிட்டுப் போவாள். மற்றதெல்லாம் சுருளிராஜன்தான். கஞ்சி ஊட்டுவது, புரட்டிப் போடுவது, துணி மாற்றுவது, ராத்திரி எழுந்து பார்ப்பது. அசதி என்பது அவருக்கு வந்து போகிற சமாச்சாரம் இல்லை. அது அந்த வீட்டிலேயே குடியிருந்தது.

நன்றாக இருந்த காலத்தில் சுப்புத்தாய் கிட்டாரைத் தொட்டதில்லை. தொட விட்டால்தானே. தூசி துடைக்கக்கூட அவர் யாரையும் விடமாட்டார். ஆனால் அவர் வாசித்துப் பழகியதை எல்லாம் அவள் அடுப்படியில் நின்று கேட்டிருக்கிறாள். எங்காவது பிசகினால் குழம்பைக் கிண்டிக்கொண்டே குரல் கொடுப்பாள்.

"அங்கன தப்பு."

பெரும்பாலும் அவள் சொல்வது சரியாக இருக்கும். அவருக்கு அதில் எரிச்சல்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுருளிராஜனுக்குச் சர்க்கரை. இடது கை விரல் நுனிகள் மரத்துப்போய்விட்டன. மோதிர விரல் ரொம்ப மோசம், குண்டூசியால் குத்தினாலும் தெரியாது. கிட்டாரில் கம்பியை அழுத்துவது இடது கை, மீட்டுவது வலது கை. அழுத்துகிற விரல் கம்பியில் பட்டதா படவில்லையா என்றே அவருக்குத் தெரியாது. இந்தக் கை இன்னும் ஒரே ஒரு பாட்டுக்கு ஒத்துழைக்க வேண்டும். அது அவருடைய வாசிப்பு என்று எழுத்தில் வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு அந்தக் கை எக்கேடு கெட்டாலும் அவருக்குக் கவலை இல்லை.

கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற சூரியபிரகாஷ் ஒரு பழைய லேப்டாப்பும், கிட்டாரை அதில் இணைக்கிற ஒரு சின்னப் பெட்டியும் கொண்டுவந்து வைத்தான். பதிவு பண்ணுகிற சாஃப்ட்வேரையும் போட்டுக் கொடுத்தான். சிவப்பு வட்டத்தை அமுக்கினால் பதிவாகும், மறுபடி அமுக்கினால் நிற்கும், வேறு எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். பெடல் அவரிடமே இருந்தது. காலால் மிதிக்கிற இரும்புப் பெட்டி. மிதித்தால் கிட்டாரின் சுத்தமான சத்தம் கிழிந்து, குமுளி மேட்டில் லோடு லாரி ஏறுகிற மாதிரி உறுமும். அந்தப் பெடலுக்கு ஒரு குணம் உண்டு. சின்னச் சத்தத்தையும் பெரிதாக்கிவிடும். கம்பியில் ஈ உட்கார்ந்தால்கூடக் காதில் விழும்.

சாமான் போட்டுவைத்திருந்த சின்ன அறையைக் காலி பண்ணி எல்லாவற்றையும் அங்கே வைத்தார். அந்த அறைக்கும் சுப்புத்தாய் படுத்திருந்த அறைக்கும் நடுவில் ஒரே சுவர். மதியம் கஞ்சி குடித்து மாத்திரை போட்டால் அவள் சாயங்காலம் வரைக்கும் தூங்குவாள். அதுதான் அவருக்குக் கிடைத்த நேரம். ஹெட்போன் மாட்டிக்கொண்டால் அந்த உறுமல் எல்லாம் அவர் காதுக்கு மட்டும்தான். வெளியே கம்பியின் 'டிங்… டிங்…' என்ற மெல்லிய சத்தம்தான் கேட்கும்.

இரைச்சலைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அது பழைய வீடு. சுவரில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், உள்ளே எர்த் ஒயர் இருக்காது. அதனால் பெடலை மிதித்ததும் 'ம்ம்ம்ம்ம்…' என்று ஒரு இரைச்சல் கிளம்பும். கம்பியில் கை வைத்தால் அது சட்டென்று அடங்கிவிடும். கையை எடுத்தால் மறுபடி எழும். மனுஷ உடம்பு பட்டதும் அந்தக் கரண்டு உடம்பு வழியாகப் போய்விடுகிறது என்று மேடைக்கு லைட் போடுகிறவர் அவருக்குச் சொல்லியிருந்தார். லேப்டாப்பிலும் அது படமாகத் தெரியும். கை இல்லாத நேரத்தில் கோடு கயிறு மாதிரித் தடித்து ஓடும். கை பட்ட நேரத்தில் நூலாக மெலிந்துவிடும்.

ஆக, கம்பியில் கை இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்க வேண்டியதில்லை. இரைச்சலே சொல்லிவிடும்.

முதல் நாள் ஒரு பகுதியை வாசித்து முடித்தார். சுப்புத்தாய் இருமுகிற சத்தம் கேட்டது. கிட்டாரைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போய்ப் பார்த்தார். தலையணையைச் சரிபண்ணி, அவள் மறுபடி தூங்கியதும் திரும்பி வந்தார். சிவப்பு வட்டத்தை நிறுத்த மறந்திருந்தார். அவர் இல்லாத நேரமும் பதிவாகியிருந்தது.

லேப்டாப்பில் படத்தைப் பார்த்தார். அவர் கிட்டாரை வைத்த இடத்திலிருந்து கோடு கயிறாக ஓடியது. சரி. கொஞ்ச தூரம் போனதும் நூலாக மெலிந்தது. மறுபடி தடித்தது.

போட்டுக் கேட்டார்.

ம்ம்ம்ம்ம்ம்… ம்… … … ம்ம்ம்ம்ம்.

பல்லியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். கம்பி மேல் பல்லி ஓடியிருக்கும். சாமான்களை இழுத்துப் பார்த்தார். பல்லி எதுவும் இல்லை.

வாசித்த பகுதியை சசிதரனுக்கு அனுப்பினார். அனுப்புவதற்கும் சூரியபிரகாஷ்தான் வந்து அமுக்கிக் கொடுக்க வேண்டியிருந்தது. அன்றைக்கே சசிதரன் கூப்பிட்டு, கை அப்படியே இருக்கிறது மாஸ்டர், ஒரு பிசிறு இல்லை என்றான். சுருளிராஜனுக்கே ஆச்சரியம்தான். மரத்த விரல், கண்ணும் லேப்டாப் மேல்தான் இருந்தது. எப்படி வந்தது என்று தெரியவில்லை. பழகிய கை, அதுவாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டார்.

மறுநாளும் கோடு மெலிந்திருந்தது. அதற்கு மறுநாளும். மெலிந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே வந்தது.

சூரியபிரகாஷைப் பிடித்துச் சத்தம் போட்டார்.

"என்னய்யா, ஓட்டைச் சாமானக் குடுத்து ஏமாத்துறியா?"

அவன் போட்டுக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

"பெருசு, கம்பியில கை வச்சாத்தான் இப்படி அடங்கும். வச்சுப்புட்டு மறந்துட்டீக."

அடுத்த சந்தேகம் சோணையம்மாள் மேல் போனது. அவர் அசந்த நேரத்தில் உள்ளே நுழைந்து நோண்டுகிறாளோ என்று. மதியத்தில் எதற்காவது வந்தாயா என்று கேட்டார். அவளுக்குச் சுள்ளென்று வந்துவிட்டது.

"மதியத்துல எனக்கு என் வீட்டு வேலையே கெடக்கு. உங்க தகரடப்பாவத் தொட்டு நான் என்னாத்தக் கட்டிக்கப் போறேன்?"

அவர் நம்பவில்லை. பூட்டு வாங்கினார். மறுநாள் மதியம் பெடலை மிதித்து, சிவப்பு வட்டத்தை அமுக்கி, கிட்டாரை நாற்காலியில் படுக்கவைத்தார். ஜன்னலைச் சாத்திக் கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டார். சுப்புத்தாயின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் நன்றாகத் தூங்கினாள். அவரும் கண் அயர்ந்துவிட்டார்.

விழித்ததும் போய்ப் பூட்டைப் பார்த்தார். பூட்டியபடி இருந்தது. திறந்தார். கிட்டார் வைத்தபடி இருந்தது. ஹெட்போனை மாட்டி, பதிவானதைப் போட்டார்.

முதலில் இரைச்சல் மட்டும். வெகுநேரம் இரைச்சல் மட்டும்.

ம்ம்ம்ம்ம்ம்ம்ம்ம்…

பிறகு அடங்கியது.

எழுந்தது.

அடங்கியது.

ம்ம் … ம்ம் … ம்ம் … ம்ம் …

ஒரே அளவில். நாலு தடவை. ஒரு நிறுத்தம். மறுபடி நாலு. கம்பியில் விரலால் தட்டித் தட்டி எடுக்கிற மாதிரி. தாளம் போடுகிற மாதிரி.

அது சசிதரனுடைய பாட்டின் தாளம்.

சுருளிராஜன் ஹெட்போனைக் கழற்றிவைத்தார். பக்கத்து அறையில் மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. வேறு ஒன்றும் இல்லை. சுப்புத்தாய்க்குத் துணி மாற்ற வேண்டிய நேரம் ஆகியிருந்தது. போய் மாற்றினார். இதை அவர் அப்போது யாரிடமும் சொல்லவில்லை. யாரிடம் சொல்வது? சொன்னால் சூரியபிரகாஷ் பெருசுக்குக் கழன்றுவிட்டது என்பான். சசிதரன் காதுக்குப் போனால் வேறு ஆளைப் பார்ப்பான். பெயர் போய்விடும்.

அதனால் வாசித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு மதியமும். பாட்டு வளர்ந்தது. வாசிப்பு நன்றாகவே வந்தது. அந்த நாட்களில் சுப்புத்தாயும் கொஞ்சம் தேறினாள். ஊட்டிய கஞ்சியைத் துப்பாமல் குடித்தாள். முகத்தில் ரத்தம் ஏறியிருப்பதாக சோணையம்மாள் சொன்னாள்.

கடைசிப் பகுதி மட்டும் பாக்கி. அதில் ஒரு இழுப்பு வருகிறது. கம்பியை மோதிர விரலால் அழுத்தி, அப்படியே பக்கவாட்டில் தள்ளி இழுத்துப் பிடிக்க வேண்டும். சத்தம் வளைந்து மேலே ஏறி, அழுகிற மாதிரி நிற்கும். அந்த இடத்தில் விரல் வழுக்கியது. மறுபடி, மறுபடி வழுக்கியது. பல மதியங்கள் இதிலேயே போயின.

அன்றைக்கு வெளியே ஆடிக் காற்று. குமுளிப் பக்கத்திலிருந்து இறங்கி வருகிற காற்று, ஊரையே பெயர்த்துவிடுகிற மாதிரி அடித்தது. ஜன்னல் கொக்கி 'கட… கட…' என்று ஆடியது. சுருளிராஜன் பெடலை மிதித்தார். சிவப்பு வட்டத்தை அமுக்கினார். வாசித்தார்.

இழுப்பு வந்தது.

சத்தம் வளைந்து ஏறியது. சரியான இடத்தில் நின்றது. நின்று அழுதது… அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என் கைதான், இன்னும் சாகவில்லை என்று நினைத்தார்.

கண்ணைத் துடைக்க இடது கையைத் தூக்கினார்.

துடைத்தார்.

சத்தம் நிற்கவில்லை.

அவர் கை முகத்தில் இருந்தது. சத்தம் நிற்கவில்லை.

குனிந்து பார்த்தார்.

கம்பி ஒதுங்கி இருந்தது. பக்கத்துக் கம்பியோடு ஒட்டுகிற அளவுக்கு ஒதுங்கி, கட்டையோடு அழுந்தி, வளைந்து, நடுங்கிக்கொண்டிருந்தது.

அங்கே விரல் இல்லை.

எதுவுமே இல்லை.

கம்பி மட்டும் அழுந்தியிருந்தது…

ஹெட்போன் எங்கே விழுந்தது என்று தெரியாது. கிட்டாரை எப்படி இறக்கினார் என்று தெரியாது. சுப்புத்தாயின் அறைக்கு வந்துதான் நின்றார். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். தலைக்கு மேல் மின்விசிறி ஓடியது. ஜன்னல் வழியாகக் காற்று குளிர்ச்சியாக வந்தது. ஆனாலும் அவள் நெற்றி, கழுத்து, மார்பெல்லாம் வேர்வை. களை எடுத்துவிட்டுக் கரையேறியவள் மாதிரி நனைந்து கிடந்தாள்.

துண்டால் துடைத்துவிட்டார். அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லத்தா. தூங்கு."

அவள் கண்ணை மூடவில்லை. அவரைப் பார்த்தபடியே கிடந்தாள்.

அன்றைக்கே கிட்டாரை உறையில் போட்டுப் பரணில் ஏற்றினார். அறையைப் பூட்டினார். சசிதரனிடம் கை முடியவில்லை என்று சொல்லிவிட்டார்.

மறுநாளிலிருந்து சுப்புத்தாய் கஞ்சியைத் துப்ப ஆரம்பித்தாள். பாலும் இறங்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கிடந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர், வயசாகிவிட்டது, கஷ்டப்படுத்தாதீர்கள் என்றார். சுருளிராஜன் அவரையும் நம்பவில்லை. கரண்டியும் கையுமாக மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்.

"டாக்டரு என்ன சொன்னாக?" என்று சோணையம்மாள் கேட்டாள்.

"ஊசி போட்டாக. காசு வாங்குனாக. வேற என்ன சொல்லுவாக?"

சசிதரன் மறுபடி கூப்பிட்டான். நாலு வரிதான் பாக்கி, இனிமேல் தள்ளிப்போட முடியாது என்றான். அந்த நாலு வரியை வேறு ஒரு பையனை வைத்து முடித்துக்கொள்ளவா, ஆனால் அப்படிச் செய்தால் அந்தப் பையன் பெயரையும் சேர்த்துப் போட வேண்டிவரும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். சுருளிராஜன் பரணை நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்கு அனுப்புறேன்" என்றார்.

ராத்திரி முழுக்கத் தூக்கம் இல்லை. சுப்புத்தாயைப் புரட்டிப் போட்டு, முதுகுக்குப் பவுடர் போட்டு, விடிந்து, கஞ்சி வைத்து, அவள் துப்பி, துடைத்து… மதியம் ஆனபோது அவர் உடம்பில் ஒன்றும் பாக்கி இல்லை. பயப்படுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும். அது அவரிடம் இல்லை. பரணில் இருந்து கிட்டாரை இறக்கினார். பூட்டைத் திறந்தார். கதவைச் சாத்தவில்லை. ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டார்.

உட்கார்ந்தார். பெடலை மிதித்தார். சிவப்பு வட்டத்தை அமுக்கினார்.

ம்ம்ம்ம்ம்ம்ம்ம்…

இடது கையை மடியில் வைத்துக்கொண்டார். வலது கையில் மீட்டுகிற வில்லையை மட்டும் பிடித்துக்கொண்டார். கம்பியில் படாமல்.

"யாருன்னு தெரியல. வாசிக்கிறதுன்னா வாசி. எனக்கு அசதியா இருக்கு."

ம்ம்ம்ம்ம்ம்ம்ம்…

காற்று ஜன்னலில் முட்டியது.

ம்ம்ம்ம்ம்ம்…

ம்…

அடங்கியது.

அவர் கிட்டாரைப் பார்க்கவில்லை. எதிரே இருந்த சுவரைப் பார்த்தார். வலது கையால் மீட்டினார்.

வந்தது.

முதல் வரி வந்தது. இரண்டாவது வந்தது. கம்பிகள் தாமாக அழுந்துவதும் விடுபடுவதும் மடியில் அதிர்வாகத் தெரிந்தது. அவர் சுவரையே பார்த்தார். மூன்றாவது வரி. அதில் ஒரு இடத்தில் வலது கை பிசகியது. உடனே எல்லாக் கம்பிகளும் ஒரே அமுக்கில் அடைபட்டு நின்றன.

டப்.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து மீட்டினார்.

இழுப்பு வந்தது.

ஏறியது.

நின்றது.

அழுதது.

பிறகு மெல்ல, மெல்ல இறங்கி… முடிந்தது.

ம்ம்ம்ம்ம்ம்ம்ம்…

கை போய்விட்டது.

சுருளிராஜன் சிவப்பு வட்டத்தை நிறுத்தினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஹெட்போனைக் கழற்றிவைத்துவிட்டு சூரியபிரகாஷுக்குப் போன் போட்டார். அவன் வந்து அனுப்பிக் கொடுத்தான். நாலு வரி போனால் போகிறது என்று அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். அந்த நாலு வரியும், அன்றைக்கு வந்த அந்த இழுப்பும் யாருடையதோ. மற்றதெல்லாம் நான் வாசித்தது. ஒரு மாசம் மதியத் தூக்கத்தை விட்டு, என் கையால் வாசித்தது. பெயர் போட்டுக்கொள்வதில் தப்பில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சுப்புத்தாய் ஒரு கிண்ணம் கஞ்சியை முழுசாகக் குடித்தாள். வாயைத் துடைத்துவிட்டபோது ஒரு பக்க உதடு இழுத்துக்கொண்டது. சிரிக்கிறாள் என்று சோணையம்மாள் சொன்னாள்.

அந்த வாரமே ஒரு மதியத் தூக்கத்தில் சுப்புத்தாய் போய்விட்டாள். மாத்திரை கொடுக்க எழுப்பியபோதுதான் தெரிந்தது.

தெருப் பெண்கள் வந்து சேர்ந்தார்கள். உடம்பைக் குளிப்பாட்ட வேண்டும். சுருளிராஜன் வெளியே பந்தலுக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழுகை வரவில்லை. தூக்கம்தான் வந்தது. அப்போது சோணையம்மாள் ஈரப் புடவையோடு வந்து நின்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது.

"அண்ணே. செத்த உள்ள வாங்க."

"என்ன?"

"வாங்கண்ணே. ஒண்ணு பாக்கணும்."

பெண்களை விலக்கிவிட்டு அவரைக் கூட்டிப்போனாள். சுப்புத்தாயை மஞ்சள் புடவையால் மூடியிருந்தார்கள். நெஞ்சோடு மடங்கிக் கிடந்த இடது கை இப்போது தளர்ந்து பக்கத்தில் நீண்டிருந்தது. வெந்நீர் ஊற்றி நீவிவிட்டதும் விரல்கள் பிரிந்துவிட்டதாக சோணையம்மாள் சொன்னாள். இரண்டு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அந்த உள்ளங்கை வெளிச்சத்தைப் பார்த்தது. அதைத் தூக்கி அவரிடம் காட்டினாள்.

"இந்த வெரலப் பாருங்க."

கட்டை விரல் சாதாரணமாக இருந்தது. மற்ற நாலு விரல் நுனிகளும் காய்த்துப் போயிருந்தன. கல் மாதிரிக் கெட்டியாக, மஞ்சள் படிந்து. ஒவ்வொரு நுனியிலும் குறுக்கே ஒரு பள்ளம், கத்தியால் கீறியது போல. மோதிர விரலில் அது ஆழமாக இருந்தது. பள்ளத்துக்குள் கறுப்பாக, தேய்த்தாலும் போகாத அழுக்கு. கம்பித் துரு.

"மூடிக் கெடந்த கைண்ணே. ஒரு துரும்பத் தூக்குனதில்ல. இதுல எப்பிடி இப்படிக் காய்ப்பு வந்துச்சு?"

சுருளிராஜனுக்குத் தெரியும். கிட்டார் வாசிக்கிற எல்லாருக்கும் அது வரும். இடது கையில், கட்டை விரலை விட்டுவிட்டு நாலு விரலில். ஒரு நாளில் வராது. இரண்டு நாளில் வராது. வாரக்கணக்கில் தினமும் கம்பியை அழுத்தினால்தான் தோல் அப்படி ஆகும். வாசிப்பதை விட்டால் கொஞ்சம் கொஞ்சமாக உரிந்து போய்விடும்.

அவர் மெல்லத் தன் இடது கையைத் திருப்பிப் பார்த்தார். மரத்த கை என்பதால் அவர் அதை இத்தனை நாளும் கவனித்ததில்லை. கன்னத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

வழுவழுவென்று இருந்தது. நாலு விரலிலும் ஒரு கீறல் இல்லை, ஒரு தடிப்பு இல்லை. பிறந்த பிள்ளையின் பாதம் மாதிரி, புதுத் தோல்.

அடுத்த மாதம் பாட்டு வெளியானது. சூரியபிரகாஷ் போனைக் கொண்டுவந்து காட்டினான். கிட்டார், சுருளிராஜன். எழுத்தில்தான் இருந்தது. அவர் அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முதல் நாள் அனுப்பியதிலிருந்து கடைசி இழுப்பு வரைக்கும் அந்தப் பாட்டில் அவருடையது வலது கை மட்டும்தான்.